குடிக்காதவரின் ஈரல்

டாக்டர்,

போன வாரம் என் வயிற்றில் குளிர்ந்த களிம்பைத் தடவி ஸ்கேன் எடுத்த இளம் டாக்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "ஈரல்ல கொழுப்பு இருக்கு அங்கிள். சுகர் இருக்கறவங்களுக்கு இது வர்றதுதான். குடிக்கற பழக்கம் உண்டா?" இல்லை என்றேன். "குடிக்காதவங்களுக்கும் வரும்" என்று சொல்லி, துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தாள். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை நிரூபிக்கத்தான் நீங்கள் போர்ட் பிளேரில் உங்கள் நல்ல வயதையெல்லாம் செலவழித்தீர்கள்.

அறுபதுகளில் நம் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடம் என்பது ஒரு மேஜை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, நான். சிறுநீரை நீலக் கரைசலில் விட்டுக் காய்ச்சுவேன். செங்கல் நிறத்துக்கு வந்தால் சர்க்கரை; உங்களைக் கூப்பிடுவேன். சர்க்கரை முற்றியவர்களில் சிலருக்கு ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கட்டுவதை நீங்கள்தான் சேர்த்துப் பார்த்தீர்கள். மற்ற டாக்டர்களுக்கு அதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. வயிறு வீங்கினால் குடிகாரன், அவ்வளவுதான். "நாம நம்பறது போதாதுப்பா, காட்டணும்" என்பீர்கள்.

மின்னி பே பகுதியில் குடியிருந்த பிச்சைமுத்து அப்படித்தான் நம்மிடம் வந்தார். ராமநாதபுரத்திலிருந்து ரோடு வேலைக்கு வந்த மேஸ்திரி. மஞ்சள் பூத்த கண், பானை போல வயிறு. மகளுக்குப் பேசி வைத்திருந்த இடத்தில், அப்பன் குடிகாரன் என்று பின்வாங்கிவிட்டார்கள். அவர் மனைவி வள்ளி உங்கள் முன்னால் வந்து நின்றாள்.

"டாக்டர் சாப், இவரு தாரு, சாராயம் எதையும் கையால தொட்டதில்ல. முருகன் மேல சத்தியம். ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க."

"நான் நம்பறேம்மா" என்றீர்கள்.

அவர் இறந்த அன்று, சோதனைக்கு ஈரலில் ஒரு துணுக்கு வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள். வள்ளி மறுக்கவில்லை. "எடுத்துக்கங்க சாப். பாத்துட்டு, இவரு குடிச்சவரில்லன்னு எழுதிக் குடுத்துருங்க. அதக் காட்டி எம்பொண்ணக் கரையேத்திருவேன்."

மருந்து நீர் ஊற்றிய குப்பியில் அந்தத் துணுக்கு மெட்ராசுக்குக் கப்பலேறியது. ஒவ்வொரு கப்பலுக்கும் வள்ளி வந்தாள். "ஜஹாஸ் வந்துருச்சாமே, பதில் வந்துச்சா?"

வந்தது. நெடுநாள் குடித்தவரின் ஈரல் என்று. அவர் குடிக்காதவர் என்று நீங்கள் மறுபடி எழுதினீர்கள். வீட்டார் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள் என்று பதில். சர்க்கரை கெடுத்த ஈரலும் சாராயம் கெடுத்த ஈரலும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரியக்கூடும் என்று உங்களுக்குப் பதில் எழுதியவருக்குத் தோன்றவில்லை.

வள்ளியிடம் சொல்லப் போகும்போது என்னையும் அழைத்துப்போனீர்கள். நல்லபடியாக வந்திருக்கிறது என்று ஒரு பொய் சொல்லிவிடுங்கள் என வழியெல்லாம் கெஞ்சினேன். உங்களால் முடியவில்லை. வந்ததை அப்படியே சொன்னீர்கள். நீங்கள் அதை ஏற்கவில்லை என்றும் சொன்னீர்கள். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. அவள் அழவில்லை.

"மெயின்லேண்டுலயும் அதத்தான் சொல்றாங்களா" என்று மட்டும் கேட்டாள். பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் வரவே இல்லை.

நீங்கள் விடவில்லை. வடகோடித் திக்லிபூர் வரை கப்பலில் போய், குடிக்காத சர்க்கரை நோயாளிகளாகத் தேடினீர்கள். எழுதி அனுப்பிய கட்டுரைகள் திரும்பி வந்தன. மாற்றலாகி மெயின்லேண்டு போன பிறகு கட்டுரை எழுதுவதையும் நிறுத்தினீர்கள். நீங்கள் இறந்த செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது.

ஸ்கேனுக்கு மறுநாள் மின்னி பே போனேன். வள்ளி எப்போதோ போய்விட்டாள். மகள் இருந்தாள், தலை நரைத்து, தனியாக. கல்யாணம் கடைசிவரை நடக்கவில்லை. நான் யாரென்று சொன்னேன். உன் அப்பா குடித்ததில்லையம்மா, சர்க்கரைதான் அவர் ஈரலைத் தின்றது, இப்போது எல்லா டாக்டர்களும் இப்படி வரும் என்கிறார்கள் என்றேன். மீன் கழுவிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"இல்லண்ணே, குடிச்சுத்தான் செத்தாரு. எங்களுக்குத் தெரியாமக் குடிச்சிருக்காரு. கடைசியில அம்மாவே அப்படித்தான் சொல்லுச்சு."

மறுபடி சொல்லத் தொடங்கினேன்.

"விடுங்கண்ணே. சாய் போடவா?"

குடித்துவிட்டு வந்தேன். பிச்சைமுத்து குடிக்காதவர் என்று நம்புவதற்கு, டாக்டர், இப்போது இந்தத் தீவில் நான் ஒருவன்தான் மிச்சம். என் ஈரலும் கெட ஆரம்பித்துவிட்டது.