நமக்காகப் பேசப் போனவர்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறந்தேன். என் சௌக்கியத்துக்கு முட்டி வலியைத் தவிரக் குறை ஒன்றுமில்லை. போனில் பேசினால் அப்பா எப்படி இருக்கிறார் என்று நீ கேட்பாய், அப்படியேதான் இருக்கிறார் என்று நான் சொல்வேன், அதற்குள் உன்னை ஆபீசில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். கடிதத்தை யாரும் நடுவில் வெட்ட முடியாது பார். அப்பா உடம்பு நன்றாக இருக்கிறது, முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டி, சவரம் செய்து, நேரத்துக்கு மருந்து கொடுத்து நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். நான் யார் என்பதுதான் அவருக்கு இப்போது சுத்தமாகப் பிடிபடுவதில்லை. பக்கத்து அறைக்கு வந்துபோகிற யாரோ என்று நினைத்துக்கொண்டு, வாங்க, உட்காருங்க என்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை அவர் 'வாங்க' என்று சொன்னதே கிடையாது, சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வீட்டில் நாள் முழுக்க வாயைத் திறக்காமலே இருந்துவிடுகிறேன், சாயங்காலம் பால்காரர் ஏதாவது கேட்டால் பதில் சொல்லக் குரல் கரகரக்கிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவளுக்கு வந்த கதியைப் பார்.

நான் சொல்ல வந்தது வேறு. நம் தெரு முனையில் நின்று, இல்லம் வழியாகப் போகும் அந்த பஸ்ஸை நஷ்டம் என்று நிறுத்திவிட்டார்கள். இப்போது அப்பாவைப் பார்க்க இரண்டு பஸ் மாறி, நடுவில் அந்த இரும்புப் பாலத்தில் ஏறி இறங்க வேண்டும். என் முட்டி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, வாரத்தில் பாதி நாள் போவதை விட்டுவிட்டேன். எனக்காவது முட்டி வலி. எதிர்வீட்டுப் பெண்ணும் அவளோடு அதே பஸ்ஸில் சலவை ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களும் இப்போது விடிவதற்கு முன்பே லாரிகள் போகிற சாலையோரமாக, போன் வெளிச்சத்தில் நடந்து போகிறார்கள். ஒரு நாள் லாரி உரசி எதிர்வீட்டுப் பெண்ணின் தோள் முழுக்கச் சிராய்ப்பு. அன்றைக்குத்தான் எல்லாரும் பஸ் நிறுத்தத்தில் கூடி, நமக்காக யாராவது போய்ப் பேச வேண்டும் என்றார்கள். எக்ஸ்சேஞ்ச் அம்மா போகட்டும், அவங்களுக்குத்தான் குரல் கணீர்னு இருக்கு என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள். ஓட்டுமில்லை, எண்ணிக்கையுமில்லை, நான் தேர்வாகிவிட்டேன்.

யாரிடம் போய்ப் பேசுவது? வேறு யார், உன்னோடு படித்த கொக்குதான். சட்டமன்ற உறுப்பினர் ஆன பிறகும் நான் அவனை மனசுக்குள் கொக்கு என்றுதான் சொல்கிறேன். பரீட்சை சமயத்தில் நம் வீட்டிலேயே தங்கி, உன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டவன்தானே. என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "அம்மா, இது என் வீட்டு விஷயம். சபையிலேயே பேசறேன், நீங்க வந்து பாருங்க" என்று பார்வையாளர் மாடத்துக்குச் சீட்டும் வாங்கிக் கொடுத்தான். நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். கைப்பை, போன், குடை எல்லாவற்றையும் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு, சாய்ந்து உட்காரக் கூடாது, கை தட்டக் கூடாது என்றார்கள். அவன் எழுந்து நின்றபோது உன்னை மேடையில் பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு. தலைவருக்கு நன்றி சொன்னான், அமைச்சருக்கு நன்றி சொன்னான், அவர்கள் அருமை பெருமைகளைச் சொன்னான், சொல்லிக்கொண்டே இருந்தான். எங்கள் பகுதியில் பேருந்து வசதி என்று ஆரம்பித்ததும் மணி அடித்துவிட்டது, உட்கார்ந்துவிட்டான். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. நஷ்டத்தில் ஓடும் தடங்களை அரசே நிறுத்திக்கொள்ளலாம் என்கிற மசோதாதான் அன்றைக்கு. ஏற்போர் ஆம் என்க என்றார் சபாநாயகர். ஒரே இரைச்சலாக ஆம் என்றார்கள். எத்தனை குரல் கலந்து வந்தாலும் அதில் ஒன்றைத் தனியாகப் பிரித்துக் கேட்பதுதான் நான் பார்த்த வேலை. அந்த ஆமில் கொக்கின் குரல் தெளிவாகக் கேட்டது.

திரும்பி வந்து நிறுத்தத்தில் கேட்டவர்களிடம், 'பேசினான்' என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லையே. இரண்டு நாள் கழித்து அவனே வீட்டுக்கு வந்தான், கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாக. டீ கொடுத்தேன். கோபத்தைக் காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன், ஆனாலும் கேட்டுவிட்டேன். "கட்சிக் கொறடா உத்தரவும்மா. மீறி ஓட்டுப் போட்டா பதவியே போயிடும். அதுக்கப்புறம் நான் உங்களுக்கு என்ன செய்ய முடியும்?" என்றான். அப்படியானால் தொகுதிக்கு ஒரு ஆள் எதுக்குப்பா, அந்தக் கொறடாவையே உட்கார வெச்சா போதாதா என்றேன். சிரித்தான். அப்புறம் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "தேர்தல்ல நிக்க சீட்டு குடுத்தது கட்சி, ஓட்டுப் போட்டது நீங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கூப்பிட்டா எந்தப் பக்கம் திரும்பறதுன்னு எனக்கே தெரியலம்மா" என்றான். அந்த நிமிஷம் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் இருட்டில் நடந்து போவது அவன் இல்லையே.

போகும்போது, போக்குவரத்துக் கழக அதிகாரியிடம் பேசியிருப்பதாகவும் மறுநாள் என்னை அவர் அலுவலகத்துக்கு வரும்படியும் சொன்னான். போனேன். அதிகாரி நல்ல மாதிரி, உட்காரச் சொன்னார். தினமும் ஒரே ஒரு தடவை பஸ் விடுகிறோம், விடிகாலையிலா மதியத்திலா, ஏதாவது ஒன்றுதான், இப்போதே சொல்லுங்கள் என்றார். கொக்கு என் பக்கம் குனிந்து காதோடு, "மதியம்னு சொல்லிடுங்கம்மா. அப்பாவைப் பாக்கற நேரம் அதுதானே? உங்களுக்காகத்தான் கெஞ்சி வாங்கியிருக்கேன்" என்றான். இல்லத்தில் மதியத்தில்தான் உள்ளே விடுவார்கள் என்பதுகூட அவனுக்கு நினைவிருக்கிறது, பார்த்தாயா. பிள்ளை கெட்டவன் இல்லை. ஆனால் அத்தனை பேர் ஓட்டை வாங்கிக்கொண்டு போனவன், தான் சாப்பிட்ட வீட்டுக்கு மட்டும்தான் பேசியிருக்கிறான். மற்றவர்களை அவன் கேட்கவே இல்லை. சலவை ஆலைப் பெண்கள் அந்த நேரத்தில் வேலையில் இருந்தார்கள், நான் யாரைக் கேட்பது? மதியம் என்று சொல்லியிருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை, கிடைத்ததே அவ்வளவுதான் என்று எனக்கு நன்றிகூடச் சொல்லியிருப்பார்கள். வாய்வரைக்கும் வந்துவிட்டது கண்ணு, உன்னிடம் மறைப்பானேன். அப்பா அங்கே கட்டிலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது கண்முன் நின்றது. காலை பஸ் கொடுங்க என்றேன். என் குரலா அது என்று எனக்கே இருந்தது. கொக்கு முகம் சுருங்கிவிட்டது. வெளியே வந்ததும், உங்களுக்கு நல்லது செய்யப் போனா இப்படிப் பண்றீங்களேம்மா என்றான். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட நிறைவெல்லாம் வரவில்லை, எதையோ கொடுத்துவிட்டு வந்த மாதிரிதான் இருந்தது. பஸ் வந்துவிட்டது. நிறுத்தத்தில் கொக்கு கைகூப்பிச் சிரிக்கிற பெரிய படமும் வந்துவிட்டது, பஸ்ஸைவிடப் பெரிது. எதிர்வீட்டுப் பெண் அந்தப் படத்துக்குத்தான் நன்றி சொல்கிறாள், சொல்லட்டும்.

இப்போது சில நாள் நானும் அந்தக் காலை பஸ்ஸில் ஏறிவிடுகிறேன், உட்கார இடம் கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் இல்லத்துக்குள் விடமாட்டார்கள் என்று தெரிந்துதான் போகிறேன். வெயில் வந்ததும் காய்வதற்காக எல்லாரையும் தோட்டத்தில் நடக்க விடுவார்கள், அதுவரை காத்திருந்து கம்பி வேலிக்கு வெளியே நின்றால் தெரியும். போன வாரம் அப்பா என்னைப் பார்த்துவிட்டு வேலிவரை நடந்து வந்தார். சவரம் செய்த முகம் பளிச்சென்று இருந்தது. "பஸ்ஸுக்கா நிக்கறீங்க?" என்றார். ஆமாங்க என்றேன். "வந்துடும், வந்துடும். தனியா நிக்காதீங்க, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, உள்ளே கூப்பிடும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, மறந்துவிட்டு டீயோடு சேர்த்து விழுங்காதே. மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். உங்கள் இருவருக்கும் எந்தக் குறையும் வராமல், நினைத்ததெல்லாம் நடந்து நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாவது போன் பண்ணு, சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

என்றும் உன் நினைவில்,
அம்மா