பன்றிக் கொட்டில் பரணில் நான்கு பெட்டிகள்

அன்பு மகள் லான்யிங்குக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை சியூயுன் எழுதுவது. இங்கே எல்லாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ஷென்ஜென் வெயில் உன்னை வாட்டாமல் இருக்கிறதா என்பதுதான் என் நினைப்பு. மழை விட்டபாடில்லை, துணி காயவில்லை, பன்றி மட்டும் நன்றாகத் தின்கிறது. பார்சலில் புளித்த மீன் ஒரு ஜாடி வைத்திருக்கிறேன், இந்த வருஷம் மேல் வயல் தண்ணீரில் விட்ட மீன் சீக்கிரமே கிடைத்துவிட்டது, ஒட்டரிசிச் சோற்றோடு சாப்பிடு, கூட வேலை செய்கிறவர்களுக்கும் கொடு, நாற்றம் என்று மூக்கைப் பிடிப்பவர்களுக்குக் கொடுக்காதே. மலை சரிகிறதா என்று கண்காணிக்க நீ நட்டுவைத்து அப்பா காவல் காக்கும் பெட்டிகளில் குளிர்காலம் முழுக்க ஒன்றுகூட அணையவில்லை என்று போனில் அப்பாவைப் பாராட்டினாயே, அதைச் சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், முழங்கால் வலியைக்கூட மறந்துவிட்டார். வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா, அம்மா சொன்னது இவ்வளவுதான். எல்லாரும் தூங்கிவிட்டார்கள், போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு மீதியை நானே எழுதுகிறேன். காலையில் பார்சலை ஒட்டுவதற்குள் இதை உள்ளே வைத்துவிட வேண்டும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியும். போனில் சொல்லவும் வழியில்லை, வீட்டில் இருப்பது அவருடைய போன் ஒன்றுதான், நீ பேசும்போது ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

மேல் சரிவில் இருக்க வேண்டிய நாலு பெட்டிகளும் அங்கே இல்லை. நம் பன்றிக் கொட்டில் பரணில் இருக்கின்றன. நீ அவற்றை அதிக நேரம் தூங்கவைத்து, நிலம் அசைந்தால் மட்டும் உன் திரையோடு நிறையப் பேசச் சொல்லி, பாட்டரியை மிச்சம் பிடித்தாய். அப்படியும் பனிமூட்டத்தில் சூரியத் தகட்டில் சார்ஜ் ஏறாமல் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒன்று அணைந்தாலும் மாவட்ட அலுவலகத்திலிருந்து அப்பாவுக்குப் போன் வந்துவிடும், என்னய்யா காவல் காக்குறியா, குறட்டை விடுறியா என்று. உறைபனியில் ஏறிப்போய் வழுக்கி விழுந்துதான் முழங்கால் போனது. அதற்குப் பிறகு நாலையும் கழற்றிக் கொண்டுவந்து வீட்டுக் கரண்டில் போட்டுவிட்டார். வசந்தத்தில் திருப்பி வைத்துவிடுகிறேன் என்றார். அதற்குள் நீ பாராட்டிவிட்டாய். தான் எங்கே இருக்கிறோம் என்று பெட்டிக்குத் தெரியாது. உன் திரையில் எல்லாம் பச்சை, அசைவே இல்லை. பரண் எப்படி அசையும்.

மீன் சீக்கிரம் கிடைத்த கதையையும் கேள். இவ்வளவு மழையில் மேல் வயலில் ஒரே இரவில் தண்ணீர் இல்லாமல் போய்விட்டது. மீன்கள் சேற்றில் துடித்துக்கொண்டிருந்தன, அம்மா அதிர்ஷ்டம் என்று கூடையில் அள்ளினாள். நான் வரப்புக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஊசியிலை மரங்களுக்கு நடுவே நிலம் பிளந்திருக்கிறது, என் கை முழங்கை வரை உள்ளே போகிறது. அப்பாவிடம் சொன்னேன். மழைன்னா மண்ணு பிளக்கத்தான் செய்யும், நீ பரீட்சைக்குப் படிடி என்றார், ஆனால் அவர் குரல் சரியாக இல்லை. பிறகு தனியாகக் கூப்பிட்டு, வெளியில ஒரு வார்த்தை போச்சுன்னா உங்க அக்கா வேலை போயிடும், தெரியுதா என்றார். பெட்டிகள் பரணில் இருப்பது ஊர்ச் செயலர் வூவுக்கும் தெரியும். பச்சையாத்தானே இருக்கு, இருக்கட்டும் விடு என்று அவர் அப்பாவிடம் சொன்னதை நானே கேட்டேன். போன வருஷம் நம் எருமை ஒரு பெட்டியில் உரசி, அபாயச் சங்கு தானாகவே அலறி ஊரே இருட்டில் ஓடியதையும், செயலர் வீட்டு மருமகள் வயிற்றுப் பிள்ளையோடு விழுந்ததையும் யாரும் மறக்கவில்லை. இப்போதும் என்னைப் பார்த்தால், என்னடி, உங்க எருமை இன்னைக்கு என்ன சொல்லுது, ஓடலாமா படுக்கலாமா என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அதற்கப்புறம்தானே நீ திரையைப் பார்த்து அங்கிருந்து அழுத்தினால் மட்டும் இங்கே சங்கு ஊதும்படி மாற்றினாய்.

அப்பாவை வெறுக்காதே அக்கா. அவர் இப்போது ராத்திரியில் எழுந்து வாசலில் நின்று மலையைப் பார்க்கிறார். ஆனால் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏறமாட்டார், ஏறினால் ஒத்துக்கொண்டது போல் ஆகிவிடும். எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. பிளவின் இரண்டு பக்கமும் குச்சி நட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டியிருக்கிறேன், பள்ளிக்கூடம் விட்டதும் போய்ப் பார்க்கிறேன். கயிறு அறுந்தால் பரணில் ஏறி நாலு பெட்டிகளையும் ஒரே சாக்கில் போட்டு ஆட்டுவேன். நாலும் ஒரே மாதிரி ஆடினால் உன் கணக்கு அதைப் பிழை என்று தள்ளிவிடும், இல்லையா. தள்ளவிடாதே, அது நான். ஊர் திட்டும், அப்பா அடிப்பார், அடிக்கட்டும். இந்தப் பார்சல் உன் கைக்கு வருவதற்குள் கயிறு அறுந்துவிட்டால் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவேன், எத்தனை பேர் எழுந்து வருவார்களோ தெரியாது. நீ இதைப் படித்த பிறகு திரையில் ஒரு தடவை அசைந்தாலும் உடனே சங்கை அழுத்து. இரண்டாவது தடவைக்குக் காத்திருக்காதே. கயிறு அறுந்ததை நான் பார்த்துவிடலாம், ஆனால் மலை வரும்போது மறுபடி பரணில் ஏற எனக்கு நேரம் இருக்காது.

ஜாடியைச் சாய்க்காமல் திறக்க வேண்டுமாம். நீ கால் வைக்கும் இடமெல்லாம் உறுதியாக இருக்கட்டும் என்று கடைசியில் எழுதச் சொல்லிவிட்டுத்தான் அம்மா படுக்கப் போனாள்.

அம்மாவுக்காகவும் எனக்காகவும்,
உன் தங்கை
ஷி சியூயுன்