கூரைப்புல் ஊரில் கற்பூரம்

3 நவம்பர் 2009, மோர்டன், லண்டன்

மழை. இன்றைக்கும் போன் எடுத்து விசாரித்தேன். வன்னி முகாம் பதிவுகளில் தம்பி ஞானேஸ்வரனின் பெயர் இல்லையாம். இல்லையென்றால் செத்துப்போனான் என்றா அர்த்தம்? மே மாதம் சண்டை முடிந்தபோது எத்தனை பேர் காட்டுக்குள்ளால் தப்பி வந்தார்கள்!

5 நவம்பர்

ஜப்பானில் ஆங்கிலம் படிப்பிக்கிற மகள் மேனுஷா எங்களுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். நான் வரவில்லை என்றேன். "போனைப் பாத்துக்கொண்டே கிடக்கப்போறீரோ?" என்று இவர் கத்தினார். ஓம், கிடப்பேன். உங்களுக்கென்ன, கூடப்பிறந்தவனா?

10 நவம்பர், ஜப்பான்

மலைகளுக்கு நடுவே பழைய ஊர். இடுப்பளவு தடிப்பில் புல்லுக்கூரைகள். இன்னமும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். புல் மாற்றும்போது ஊரே கூரையில் ஏறுமாம். ஒரு நெருப்புப் பொறி போதும், எல்லாம் போய்விடும், சிகரெட்டுக்கும் தடை. வடிவான இடம்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கள் ஊரில் ஒரு வீடாவது கூரையோடு நிற்கிறதா?

பின்னேரம் இவரைக் காணவில்லை. கூச்சல் கேட்டு ஓடினோம். வாய்க்கால் ஓரம் ஒரு கிழவி வாளித் தண்ணீரை இவர் காலடியில் ஊற்றுகிறா. கல்லில் கற்பூரம் நனைந்து கிடக்கிறது. மேனுஷா குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

"விசரே உங்களுக்கு? இஞ்ச வந்து கொளுத்துறியளே!" என்று கத்தினேன்.

"இண்டைக்குத் திதி."

"ஆற்ற திதி?"

சப்பாத்து சொட்டச் சொட்ட நின்றார்.

"வன்னியில அவனோட இருந்த டொலறஸ் அக்கா ஜூலையிலயே முகாமில இருந்து போன் எடுத்தவ. உம்மட தம்பி செத்ததைக் கண்ணால கண்டவ. அவனுக்குக் கொளுத்த வேற ஆர் இருக்கினம்? மாதாமாதம் வேலையிடத்துக் கார் பார்க்கில கொளுத்துறனான். உமக்குச் சொல்ல வாய் வரேல்லை."

11 நவம்பர்

பஸ்ஸில் இவரை விட்டு மேனுஷாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். நான் நாய்மாதிரி அந்தப் போனுக்குக் காவல் கிடந்தேன், இந்த மனிசன் பார்த்துக்கொண்டு இருந்திருக்குதே!

16 நவம்பர், மோர்டன்

நோர்பரி நகுலேஸ்வரி அக்கா போன் எடுத்து வழக்கம்போலக் கேட்டா: "தம்பியின்ர சேதி ஏதும்?"

"தம்பி மோசம்போயிட்டான் அக்கா."

சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் கட்டிக்கொண்டு வந்துவிட்டா. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று என்னைக் குசினிக்குள் விடவில்லை. இவர் கதிரைகளைச் சுவரோரம் இழுத்துப் போட்டார். இருட்ட முதலே ஆட்கள் வரத்தொடங்கினார்கள்.

எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டார்கள், எப்ப நடந்தது என்று. "மே மாதம்" என்றார் இவர்.

எனக்கு இன்றைக்குத்தான்.