பூமணிக்குக் கலியாணமாம்

ஆனி, வியாழன் இரவு.

வாய்க்காலில் என் தண்ணீர் முறை வரும்போதெல்லாம், பாதியைப் பக்கத்து வயல் பூமணிக்குத் திருப்பிவிடுவேன். அவள் கணவனை இழந்தவள், நான் மனைவியை இழந்தவன். சொல்லாமலே என் விருப்பம் விளங்கும் என்று இத்தனை வருடமும் இருந்துவிட்டேன்.

இன்று வயல் வரம்பில் நின்று சொன்னாள், செல்லத்துரையைக் கட்டப் போகிறாளாம். போன வருடம் பளையிலிருந்து வந்தவன். மண்வெட்டியை ஓங்கிக் குத்திவிட்டுக் கேட்டேன்.

"இந்த வயசில சனம் சிரிக்குமெண்டு பயமில்லையோ?"

"பயம்தான் அண்ணை. ஆனா அந்த மனுசன் நேர வந்து கேட்டுது. நானும் துணிஞ்சு ஓம் எண்டிட்டன்."

"பல்லில்லாத மாப்பிள்ளைக்கு என்னத்தைச் சமைப்பாய்?"

"கஞ்சிதான்!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவன் எப்படிக் கேட்டிருப்பான்? படுத்துக்கொண்டு, அவள் முன்னால் நிற்பதுபோல் நானும் கேட்டுப் பார்க்கிறேன். முதல் சொல்லே வரவில்லை.