துரைக்குத் தெரியாத சிவப்பு

அன்பு மாமாவுக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்க முடியாது. ஆனால் கேட்டுப் பழகிவிட்டது. மனசுக்குள் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

இப்போது மணி நாலரை. ஆறு மணிக்கு அத்தையின் அண்ணன் ரெட்டியார்சத்திரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறார், உங்கள் நாய் துரையைக் கொண்டுபோக. எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று நேற்றுக் கேட்டேன். "அதெல்லாம் ஒனக்கெதுக்குப்பா? முடிச்சிட்டு வாரேன்" என்றார். முடிக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

துரை மேல் இரண்டு குற்றம். ஒன்று, எஜமான் பழக்கிய பழக்கத்தை மீறி மருந்தடித்த தோட்டத்துக்குள் போனது. இரண்டு, நீங்கள் இறந்த அன்றைக்கு மத்தியானம் சங்கிலியில் கிடந்து ஊளையிட்டது. எமனைக் கூப்பிட்ட நாய் வீட்டில் இருக்கக் கூடாதாம். ஊரே சொல்கிறது. அத்தையும் நம்புகிறார்.

இரண்டுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. இரண்டு வாரமாக இருக்கிறது. ஏன் இன்னும் வாயைத் திறக்கவில்லை? உங்களிடம் முதலில் சொல்லிவிட்டு அப்புறம் அத்தையிடம் போகிறேன். ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.

போன ஐப்பசியில் கத்தரிக்கு மருந்தடித்தோமே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். அதற்கு முன்னால் எப்போதும் நீங்கள் கிழிந்த வேட்டியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, பட்டை பட்டையாகக் கிழித்து, வரப்பு நெடுகக் குச்சி நட்டுக் கட்டுவீர்கள். அம்மன் காவல் என்பீர்கள். துரையைக் கூட்டிக்கொண்டு வரப்பைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு துணிக்கிட்டேயும் "நில்லு" சொல்லி, மடியிலிருந்து ஒரு துண்டு கருவாடு கொடுப்பீர்கள். மஞ்சள் துணி தெரிந்தால் அது தானாகத் திரும்பிவிடும். நம்ம ஊர் அகரத்தில் பாதிப் பேர் அதை வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள்.

நான்தான் கெடுத்தேன். மதுரையில் பாலிடெக்னிக் முடித்து, திண்டுக்கல்லில் மோட்டார் ஸ்டார்ட்டர் மாட்டுகிற வேலையில் சேர்ந்து மூன்று மாசம். உலகத்தில் இருக்கிற அத்தனையும் எனக்குத் தெரியும் என்று இருந்த நேரம்.

"என்ன மாமா இது, காதுகுத்துக்கா மஞ்சத்துணி? அபாயம்னா சிவப்பு. கரண்டு கம்பத்துல மண்டை ஓடு போட்டிருக்கே, மஞ்சளாவா போட்டிருக்கான்?"

"ஏலே மாப்ளே, நாயி என்ன கரண்டு கம்பத்தையா படிக்கப் போகுது?"

"நாய் இல்லாட்டி மனுசன் படிப்பான். கழட்டுங்க."

நீங்கள் சிரித்தீர்கள். படித்த மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டீர்கள். மஞ்சளை எல்லாம் நானே பிடுங்கி எறிந்தேன். சந்தையில் சிவப்புத் துணி ரெண்டு கெஜம் வாங்கிக் கிழித்துக் கட்டினேன். சாயங்காலம் துரையைக் கூட்டிக்கொண்டு நீங்கள் ஒரு சுற்று நடந்தீர்கள். ஒவ்வொரு துணியிலும் நின்றது. பழகிவிட்டது என்று நினைத்தோம். அது நின்றது துணிக்கு இல்லை மாமா, உங்கள் குரலுக்கு. அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மருந்தடித்தோம். மத்தியானம் துரை முயலை விரட்டிக்கொண்டு நேரே உள்ளே போனது. துணிக்கு ஒரு முழம் பக்கத்தில், துணியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். சாயங்காலம் வாயில் நுரை, கால் நாலும் வெட்டி வெட்டி இழுத்தது. சைக்கிள் கேரியரில் சாக்கு போட்டுக் கட்டி, டவுன் மாட்டாஸ்பத்திரிக்கு நீங்களே மிதித்துக்கொண்டு போனீர்கள். நான் பின்னாலிருந்து அதன் தலையைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தேன். பிழைத்தது.

பிழைத்து வந்ததும் நீங்கள் சங்கிலி வாங்கினீர்கள். "கண்ணு முன்னாடி துணி ஆடுது, மதிக்காமப் போயிருக்கு பாரு. இனி இத நம்பி விட முடியாது" என்றீர்கள். உங்களுக்குக் கோபமா, பயமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து துரை மாட்டுக் கொட்டத்துத் தூணில்தான்.

மாசியில் அந்த நாள். வாய்க்காலில் மடை மாற்றப் போன இடத்தில் உங்களைப் பாம்பு கடித்தது. நாங்கள் உங்களைப் பார்த்தது மூன்று மணிக்கு, வரப்பில் நீங்கள் கவிழ்ந்து கிடந்தபோது. துரை ஊளையிட ஆரம்பித்தது ஒரு மணிக்கு. நான் கொல்லையில் மோட்டாரை ஓட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, நாயைத் தவிர. "வாய மூடுறியா இல்லையா" என்று கத்தினேன். நான் கத்தியது உங்களுக்குக் கேட்டதா?

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது இதுதான்: "கொஞ்ச நேரம் முன்னாடி கொண்டாந்திருக்கலாமே."

ஒரு மாசத்துக்கு முன்னால் கொட்டத்துப் பக்கத்தில் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று ஃபேஸ் கம்பிக்கும் மூன்று நிறத்தில் நாடா வைத்திருப்போம்: சிவப்பு, மஞ்சள், ஊதா, அதாவது நீலம். பூமியில் இறக்குகிற எர்த் கம்பிக்குப் பச்சை. சிவப்பு நாடாச் சுருள் கை நழுவிப் புல்லில் உருண்டு துரைக்கு முன்னால் போய் நின்றது. துரை பாய்ந்தது. ஆனால் எடுக்கவில்லை. சுருளைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மூக்கைத் தரையில் தேய்த்து மோப்பம் பிடித்துத்தான் கண்டுபிடித்தது. சந்தேகம் வந்து ஊதாச் சுருளை உருட்டினேன். ஒரே பாய்ச்சல், ஒரே கவ்வல்.

மறுநாளே சோதனையை ஆரம்பித்தேன். தகரமூடி நாலு. நாலிலும் ஒவ்வொரு நிற நாடா. எல்லா மூடியிலும் கருவாட்டைத் தேய்த்தேன், எல்லாவற்றுக்கடியிலும் கருவாடு வைத்தேன், மூக்கு ஏமாற்றக்கூடாது பாருங்கள். ஒன்றை மட்டும் தட்டினால் திறக்கும், மற்றதைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டேன். இடத்தை மாற்றி மாற்றி வைத்தேன். வெளுத்த சிவப்பு, கறுத்த சிவப்பு, இளம்பச்சை, கரும்பச்சை என்றும் மாற்றினேன். வெளிச்ச வித்தியாசத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று.

ஊதாவையும் மஞ்சளையும் இரண்டே நாளில் பிரித்துவிட்டது. சிவப்பையும் பச்சையையும் பத்து நாள் ஆகியும் பிரிக்கத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிற மாதிரிதான் தட்டியது.

மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "நாய்க்கு நிறமே தெரியாதுப்பா, எல்லாம் சாம்பல்தான். புத்தகத்துல போட்டிருக்கு" என்றார். புத்தகம் எழுதினவர் துரையைப் பார்த்ததில்லை என்றேன். முறைத்தார். நான் அதன் கண்ணுக்குள் போய்ப் பார்க்கவில்லை, அது உண்மை. ஆனால் கத்தரிச் செடிக்கு நடுவில் ஆடுகிற சிவப்புத் துணி அதற்கு இன்னொரு இலை. அவ்வளவுதான். உங்கள் மஞ்சள் துணி, இலையைவிட வெளிச்சமாகத் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும்விட ஊதா நன்றாகத் தெரிகிறது.

ஆக, துரை உங்களை மீறவில்லை. அதன் கண்ணுக்குத் தெரியாத வேலியை நான் போட்டேன். அதனால் அதற்குச் சங்கிலி. அவிழ்த்து விட்டிருந்தால் அன்றைக்கு ஒரு மணிக்கே உங்கள் பக்கத்தில் நின்றிருக்கும். என் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கும்.

இதை நான் ஏன் பதுக்கினேன்? என் தப்பை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு மட்டும் இல்லை மாமா. துரை எமனைக் கூப்பிடவில்லை என்றால் வேறு யாரைக் கூப்பிட்டது? அந்தக் கேள்வி அத்தைக்கு வரும். அன்றைக்கு வீட்டில் இருந்தது அத்தையும் நானும் மட்டும்தான்.

மணி ஐந்தேகால். போகிறேன்.

இப்போது மணி ஏழரை.

அத்தை அடுப்படி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுற்றிவளைக்க எனக்குத் தெரியாது, தெரிந்ததுதானே.

"அத்தை, துரையக் குடுக்காதீங்க. சிவப்புத் துணி அது கண்ணுக்குத் தெரியாது. கட்டுனது நானு."

"வந்துட்டாருய்யா நாயிக்கு வக்கீலு. கண்ணு தெரியாத நாயா அம்புட்டுத் தூரத்துல போற கோழிக்குஞ்சப் பாக்குது?"

"கண்ணு தெரியும். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. செத்த எந்திரிச்சு வாங்க, காட்டுறேன்."

முறத்தோடுதான் வந்தார். நாலு மூடியையும் வைத்தேன். ஊதாவை மூன்று இடத்துக்கு மாற்றினேன், மூன்று தடவையும் நேரே போய்த் தட்டியது. சிவப்பைத் திறக்கிற மாதிரி வைத்தேன். பச்சையைத் தட்டியது, கம்பியைக் கடித்தது, என்னைப் பார்த்தது. அத்தை கிட்டே வந்து பார்த்தார்.

"சரி, துணி தெரியல. ஒத்துக்கிறேன். ஊளையிட்டுச்சே, அதுக்கு என்ன படிச்சிருக்க? எமனக் கூப்பிட்டுச்சே அன்னைக்கு?"

"எமனக் கூப்பிடல அத்தை."

"பெறகு?"

நான் பதில் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. முறம் சாய்ந்து அரிசி கொட்டியது. அதை அவர் பார்க்கவே இல்லை.

"நம்மளையா?" என்றார். அப்புறம் துரையைப் பார்த்துக்கொண்டே, "வெறகுக்கட்டையால எறிஞ்சேன்டா. முதுகுல பட்டுச்சு. அப்பவும் நிறுத்தல."

"நானும் கத்துனேன் அத்தை."

"நீ கத்துன. நான் எறிஞ்சேன்."

வண்டிச் சத்தம் அப்போதுதான் கேட்டது. அவர் அண்ணன் கையில் சாக்கும் கயிறுமாக இறங்கினார். "எங்க அந்தச் சனியன்?"

"காப்பி குடிச்சிட்டுக் கெளம்புங்கண்ணே. நாயி வராது."

"சொன்ன சொல்லு கேக்காத நாயி, தாயி. வச்சு என்ன பண்ணப் போற?"

"அது கேட்டுச்சு. அது சொன்னதத்தான் நாங்க கேக்கல."

அவருக்குப் புரியவில்லை. என்னைத்தான் முறைத்தார். "படிச்சவன வீட்டுல வச்சா நாயிக்கும் பட்டம் குடுப்பீக போல." சாக்கை உதறி வண்டியில் போட்டார். காப்பி குடிக்காமலே போய்விட்டார்.

அத்தைதான் சங்கிலியை அவிழ்த்தார். துரை எழுந்து ஓடி, சங்கிலி எவ்வளவு நீளமோ அந்த இடத்தில் போய் டக்கென்று நின்றுவிட்டது. கழுத்தில் ஒன்றும் இல்லை. ஆனாலும் நின்றது. ஆறேழு மாசம் நடந்து நடந்து அங்கே மண் வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. அந்த வட்டத்துக்கு வெளியில் அத்தை உட்கார்ந்து, "வா துரை, வாடா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரைக்கும் அது வரவில்லை.

நடுவில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார், திரும்பிப் பார்க்காமல். "அடுத்த மருந்துக்கு என்ன துணி கட்டணும்?"

"மாமா கட்டுன மாதிரி மஞ்சளே கட்டலாம்."

"மஞ்சள நான் கரைக்கக் கூடாதுடா இனி."

எரிச்சல் வந்தது எனக்கு. இதென்ன சட்டம் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன். "அப்ப ஊதா கட்டுவோம். அதுக்கு அதுதான் நல்லாத் தெரியுது. சின்னாளபட்டி சாயப்பட்டறையில வாங்கிட்டு வாரேன்."

அதற்கு அப்புறம் துரைக்குச் சோறு பிசைந்து வைத்தார். எனக்கு வைக்கவில்லை. அது நியாயம்தான்.

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கப்போகிறேன், கோபப்படாதீர்கள். தோட்டத்திலும் களத்திலும் நாய் வைத்திருக்கிறவர்கள் படிக்கட்டும். பச்சையில் கிடக்கிற சிவப்பை எடுக்கவில்லை என்று நாயை அடிக்காதீர்கள், அதற்குத் தெரியவில்லை. எதைக் காட்டிப் பழக்கினாலும், அது பார்க்கிறதா, உங்கள் குரலைக் கேட்கிறதா என்று பேசாமல் இருந்து ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். நான் சோதிக்கவில்லை.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை மாமா. கேட்டால் நீங்கள் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவீர்கள், அதுதான் பயம். அந்த மத்தியானம் நீங்கள் துரைக்குச் சீட்டியடித்தீர்களா? அடித்திருந்தால் எத்தனை தடவை? இதை இனி யாரிடம் கேட்பேன்?

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இனி துரை குரைத்தால், கையில் எந்த வேலை இருந்தாலும் மோட்டாரை நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பார்ப்பேன். ஓணானைப் பார்த்துக் குரைத்திருந்தாலும் சரி, ஒன்றுமே இல்லாததற்குக் குரைத்திருந்தாலும் சரி, போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்,
உங்கள் வாயால் மாப்பிள்ளை என்று இனிக் கேட்க முடியாத
ஜெயராமன்