இரண்டு பேர் மாத்திரை

ஜூன் 11, 2024

அங்கன்வாடிக்கு இன்றும் லீவு சொன்னேன். என் வீட்டுக்காரருக்குச் சளியில் டிபி கிருமி இருக்கிறதாம். வேலைக்குப் போன குடகுக் காப்பித் தோட்டத்திலிருந்து வரும்போதே எலும்பும் தோலுமாகத்தான் வந்தார். டாக்டர் கேட்டதும்தான் உண்மை வந்தது. அங்கே போனதுமே எச்ஐவி மாத்திரையை நிறுத்திவிட்டாராம்.

"நல்லாத்தானே இருந்தேன், அதான் வுட்டுட்டேன்."

அவரிடமிருந்து எனக்கு வந்த நோய். பத்து வருஷமாக நான் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜூன் 12

ராத்திரி முழுக்க இருமல். எழுதத் தெம்பில்லை.

ஜூன் 15

எனக்கும் பார்த்தார்கள். டிபி இல்லை. வராமல் இருக்க எனக்கும் தனி மாத்திரை.

ஜூன் 29

இரண்டு வாரம் டிபி மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு எச்ஐவி மாத்திரையை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். டிபி மருந்து அதன் வீரியத்தைக் குறைக்குமாம். அதனால் ராத்திரி போடுவதோடு காலையிலும் ஒன்று கூடுதல்.

"ஒனக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டா? இன்னாத்துக்கு இவ்ளோ?"

தட்டிவிட்டார். கட்டிலுக்கடியில் உருண்டதைக் குனிந்து தேடினேன். எத்தன தபா குனியறது நானு? கொழந்தையா இவரு? எங்கியாவது போய்டலாம்னு வருது — எங்க போறது?

ஜூலை 8

சிறுநீர் சிவப்பாகப் போகிறதென்று அழுதார். மருந்தின் நிறம்தான் என்றேன். நம்பவில்லை. நர்ஸ் ரஞ்சிதத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவங்க சொன்ன பிறகுதான் மாத்திரையைச் சாப்பிட்டார்.

செப்டம்பர் 3

இருமல் இல்லை. இரண்டு தோசை கேட்டார். சந்தோஷப்படக்கூட அலுப்பாக இருக்கிறது.

டிசம்பர் 18

டிபி குணமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வூடு வரை நடந்தே வந்தார். வந்ததும் மறுபடி குடகுக்கு வேலைக்குப் போகிற பேச்சு.

"மாத்திர போட்டியான்னு டெய்லி போன் பண்ணிக் கேளு பாஞ்சாலி. மறந்துடுவேன்."

"கேக்க மாட்டேங்க. என்னால முடியல. ஒங்க உசுரு, நீங்களே பாத்துக்கோங்க."

 

ஜனவரி 5, 2025

மூன்று மாத மாத்திரையோடு காலை பஸ்ஸில் போனார்.

ஜனவரி 9

சாப்பிட உட்கார்ந்தபோது போன். பின்னால் தோட்டத்து ஆட்களின் சிரிப்புச் சத்தம்.

"போட்டுட்டேன்" என்றார். நான் கேட்கவே இல்லை.

 பிறகு, "நீ போட்டியா?" என்றார்.

"ம்" என்று சொல்லி வைத்தேன். போனை வைத்த பிறகு எழுந்துபோய் என் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். நேற்றும் போடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.