சனிக்கிழமைக் கடையடைப்பும் ஒரு ஜப்பானியப் பெரியவரும்

அண்ணே,

நேற்றுக் காலை மீசையின் இடது பாதிக்கு மட்டும் கறுப்பு அடித்து முடித்திருந்தேன். அந்த நேரம் பார்த்துச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள். மகள் கதவைத் திறந்து, "அப்பா பாதியில இருக்காரு, உக்காருங்க" என்று சொல்லிவிட்டாள். லுங்கியும் பாதி மீசையுமாக எதிரே போய் உட்கார்ந்தேன். "அடுத்த தலைவரா யாரைப் போடலாம்? இப்ப மூத்தவரு நீங்கதான், ஒரு பேரு சொல்லுங்க" என்றார்கள். மை நெடி மூக்கில் ஏற, உங்கள் ஞாபகம் வந்தது. இதே கேள்வியோடு உங்கள் வீட்டுப் படி ஏறியவர்கள் எத்தனை பேர்!

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரர் சங்கத்தில் நீங்கள் உறுப்பினர்கூட இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய சொல்தா. கடை கிடையாது, யாரோடும் போட்டி கிடையாது. அதனாலேயே தலைவர் பெயரை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து, "மூணு நாள் கழிச்சு வாங்க" என்பீர்கள். அந்த மூன்று நாளும் மாட்டிக்கொள்வது நான். பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஜப்பான் கதை சொல்வீர்கள், பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவனிடம்.

அந்த நாட்டில் சில மூத்த பெரியவர்கள் இருந்தார்களாம். பிரபுப் பட்டம் பெற்றவர்கள். சட்டத்தில் அப்படியொரு பதவியே எழுதப்படவில்லை. ஆனாலும் அடுத்த பிரதமர் யார் என்று பேரரசர் அவர்களைத்தான் கேட்பார். ஒவ்வொருவராகப் போய்ச் சேர, கடைசியில் மிஞ்சியவர் ஒருவர், பரம்பரைப் பிரபு. ஆட்சி கவிழ்ந்தால் கடலோரத்தில் இருந்த அவர் வீட்டுக்கு ஆள் ரயிலேறிப் போகும். "சின்ன வயசுல பத்து வருஷம் பாரிஸ்ல இருந்தவர்டா. நமக்கு ஒரு வகையில சொந்தம்" என்றீர்கள். "அவருக்கும் பிரெஞ்சு பென்ஷன் வந்துச்சாண்ணே?" என்று கேட்டேன். புத்தகத்தாலேயே மண்டையில் போட்டீர்கள்.

ஒரு தடவை, மூன்று நாள் கழித்து நீங்கள் சொன்னது என் பெயர். செருப்புக் கடைக்காரன் தலைவன் ஆனேன். கடை வாசல்களில் தோண்டிப் போட்ட சாக்கடைப் பள்ளத்தை மூடச் சொல்லி ஒரு நாள் கடையடைப்பு அறிவித்தேன். யாரையும் கேட்காமல் தேதியை நானே வைத்தேன். சனிப்பெயர்ச்சிக்கு அடுத்த சனிக்கிழமை! திருநள்ளாறு போகிற வெளியூர்க் கூட்டமெல்லாம் நம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பூட்டிய கடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றது. சாமி கும்பிட்டுத் திரும்பியவர்களில் பாதிப் பேர் கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு வந்தார்கள். நான் என் ஷட்டருக்கு முன்னால் நின்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கூட்டத்தில் இட்லிக் கடைக்காரர் கத்தினார்: "எந்தப் புத்திசாலி வெச்ச தேதி இது? தலைவரு வாயத் தொறக்கட்டும்!" நான் சங்க நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வேடிக்கை பார்க்க வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நீங்கள் எழுந்தீர்கள். "நான்தான் அந்தத் தேதிய சொன்னேன். வயசாயிடுச்சு, கெழமை மறந்துபோச்சு. தம்பிய வையாதீங்க."

அதற்குப் பிறகு பெயர் கேட்டு உங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. நான் மட்டும் வந்தேன். "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்றதற்கு அந்தப் புத்தகத்தைத் திறந்தீர்கள். கடைசிப் பெரியவர், தான் ரொம்ப நம்பிய ஓர் இளைய பிரபுவைப் பிரதமராகச் சொன்னாராம். அவர் ஆட்சியில் நாடு போருக்குள் போய்விட்டது. "பிரியப்பட்டு ஒருத்தனச் சொன்னா, அவன் வாங்குற திட்டுலயும் பங்கு வேணும்ல?" என்றீர்கள். பிறகு, "நீ போரெல்லாம் ஆரம்பிக்கல, செருப்பு யாவாரம்தான் போச்சு" என்று வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன். அடுத்த கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்கடுத்த கூட்டத்திலும் அதையேதான் நினைத்தேன். அதற்குள் நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

நேற்று வந்தவர்களிடம், "மூணு நாள் கழிச்சு வாங்க" என்றேன். உங்கள் குரலில் சொல்லத்தான் பார்த்தேன், வரவில்லை. வந்தவர்களில் ஒருவர் அதே இட்லிக் கடைக்காரர். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "சொல்தா நல்ல மனுஷன். அந்தச் சனிக்கிழமை ஒண்ணுலதான் சறுக்கிட்டாரு. நீங்களாவது பாத்து, நிதானமாச் சொல்லுங்க."

"சரிங்க" என்றேன். அவர்கள் தெருமுனை திரும்புகிறவரை வாசலிலேயே நின்றேன், கூப்பிட்டுவிடலாம் என்று. அந்தத் தேதியை வைத்தவன் நான் என்பதை மட்டும் அப்போதும் சொல்லவில்லை அண்ணே.